வேடிக்கைக் குளிர்கண்ணாடியின் அலங்கார வடிவமைப்பு: காப்புரிமைப் படம் எதைக் காக்கிறது?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அன்னாசிப் பழத்தைப் போன்ற பிரேம் கொண்ட கூலிங் கிளாஸ் ஒன்றைத் தயாரித்து விற்க விரும்பும் ஒருவர், ஏறக்குறைய அதே எண்ணத்தில் செய்யப்பட்ட ஒரு கண்ணாடிக்கு அமெரிக்காவில் வடிவமைப்புக் காப்புரிமை வழங்கப்பட்டிருப்பதைப் பார்த்திருக்கிறார். ஆவணத்தில் ஏழெட்டுப் படங்கள் இருக்கின்றன. அவற்றுடன், 'காட்டப்பட்டு விவரிக்கப்பட்டவாறு, வேடிக்கைக் குளிர்கண்ணாடிக்கான அலங்கார வடிவமைப்பு' என்று பொருள்படும் ஒற்றை வாக்கியம் இருக்கிறது. அளவுகள் இல்லை, எந்தப் பொருளால் செய்தது என்ற குறிப்பு இல்லை, எப்படிச் செய்வது என்ற விளக்கமும் இல்லை. இந்த ஒரு வரியால் அன்னாசி வடிவக் கண்ணாடி என்பதே ஒருவரின் தனிச்சொத்தாகிவிட்டதா, இவ்வளவு மொட்டையான ஆவணம் எதைத்தான் பாதுகாக்கிறது என்பதே அவருடைய கேள்வி.

அன்னாசி என்ற எண்ணம் யாருக்கும் சொந்தமாகவில்லை. அந்தப் படங்களில் வரையப்பட்டிருக்கும் அன்னாசிதான் சொந்தமாகியிருக்கிறது; அதிலும் முழுக்கோட்டால் வரையப்பட்ட பகுதிதான். இந்த எல்லை சில ஆவணங்களில் மிகக் குறுகலாகவும் சிலவற்றில் வியக்கத்தக்க அளவு அகலமாகவும் இருக்கும். அதை அறிய வாக்கியத்தைப் பலமுறை படித்துப் பயனில்லை. படத்தைத்தான் படிக்க வேண்டும்.

அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 35-ஆம் தலைப்பில் உள்ள 171-ஆம் பிரிவு, உற்பத்திப் பொருள் ஒன்றுக்கான புதிய, அசலான, அலங்காரத் தன்மை கொண்ட வடிவமைப்புக்குக் காப்புரிமை அளிக்கிறது. இந்த வகைப் பாதுகாப்பு அங்கே 1842-இல் தொடங்கியது. முதல் வடிவமைப்புக் காப்புரிமையை நியூயார்க்கைச் சேர்ந்த ஜார்ஜ் புரூஸ் என்பவர் அச்செழுத்து வடிவங்களுக்காகப் பெற்றார். ஒரு கருவி எப்படி வேலை செய்கிறது என்பதற்கான காப்புரிமையில் இருபது, முப்பது உரிமைக்கோரல்கள் (எதன்மீது உரிமை கேட்கப்படுகிறது என்று சொல்லும் வாக்கியங்கள்) எழுதப்பட்டு, ஒவ்வொரு சொல்லும் வேலியாக நிற்கும். வடிவமைப்புக் காப்புரிமையில் ஒரே ஓர் உரிமைக்கோரல்தான் அனுமதிக்கப்படுகிறது. அதன் வாசகமும் விதிகளிலேயே வகுக்கப்பட்டிருப்பதால் வழக்கறிஞர் தம் திறமையைக் காட்ட அங்கே இடமில்லை. படத்துக்கு அப்பால் ஏதாவது சிறப்பு விளக்கம் எழுதப்பட்டிருந்தால் 'காட்டப்பட்டு விவரிக்கப்பட்டவாறு' என்றும், இல்லையென்றால் 'காட்டப்பட்டவாறு' என்றும் வாசகம் அமையும். ஆகவே அந்த ஒற்றை வாக்கியம் சுருக்கமாக இருப்பது யாருடைய அலட்சியத்தாலும் அல்ல. வேலியின் கற்கள் எல்லாம் படத்தில் நடப்பட்டிருக்கின்றன.

பொதுவாக முன்புறம், பின்புறம், இடம், வலம், மேல், கீழ் ஆகிய ஆறு கோணங்களும், அவற்றோடு சாய்வாகப் பார்த்த ஒரு முப்பரிமாணத் தோற்றமும் தரப்படும். இவற்றில் மூன்று வகைக் கோடுகளைக் கவனிக்க வேண்டும். முழுக்கோடு உரிமை கோரப்பட்ட பகுதியைக் காட்டும். விட்டுவிட்டு வரையப்பட்ட புள்ளிக்கோடு, பொருளின் சூழலைக் காட்டுவதற்காகச் சேர்க்கப்பட்டது. உரிமை அதன்மீது கோரப்படவில்லை. மெல்லிய நிழற்கோடுகளோ புள்ளிகளோ பரப்பு எங்கே வளைகிறது, எங்கே குழிகிறது என்பதைக் காட்டும். லென்ஸ் போன்ற ஒளி ஊடுருவும் அல்லது பளபளக்கும் பரப்பைக் காட்டச் சாய்வான கோடுகள் சிலவற்றை இழுப்பது வழக்கம். கறுப்பு வெள்ளைக் கோட்டுப் படத்தில் நிறம் இடம்பெறாததால், அதே வடிவத்தை மஞ்சளில் செய்தாலும் ஊதாவில் செய்தாலும் வேறுபாடில்லை. நிறத்தை மாற்றிவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் பலர். அது பெரும்பாலும் பலிக்காது.

இதைக் கண்ணாடியின் மீது வைத்துப் பார்ப்போம். முகப்பில் இரண்டு அன்னாசிகள். ஒவ்வொன்றின் உடலும் ஒரு லென்ஸைச் சூழ்ந்திருக்கிறது. மேலே புருவத்தைத் தாண்டி ஐந்து இலைகள் விசிறிபோல் விரிகின்றன. உடலின் விளிம்பில் சாய்சதுரக் கட்டங்கள் புடைத்து நிற்கின்றன. காதில் மாட்டும் தண்டுகள் சாதாரணமானவை. வரைந்தவர் தண்டுகளையும் முழுக்கோட்டில் வரைந்துவிட்டால், அந்தத் தண்டுகளின் வடிவமும் உரிமைக்கோரலின் பகுதியாகிவிடும். வேறொருவர் அகலமான, முனை வளைந்த தண்டுகளைப் பொருத்தினால் 'மொத்தத் தோற்றம் வேறு' என்று வாதிட ஒரு பிடி கிடைக்கும். அதே தண்டுகளைப் புள்ளிக்கோட்டில் வரைந்திருந்தால் அந்த வாதத்துக்கே இடமில்லை. எந்தத் தண்டைப் பொருத்தினாலும் முகப்பு மட்டுமே ஒப்பிடப்படும். இன்னும் ஒரு படி மேலே போய், சாய்சதுரக் கட்டங்களையும் புள்ளிக்கோட்டுக்குத் தள்ளிவிட்டால் உரிமை இலைகளிலும் வெளிக்கோட்டிலும் மட்டும் நிற்கும். அது அகலமான வேலி. ஆனால் அகலமான வேலிக்குள் முன்பே இருந்த பொருள் ஏதாவது சிக்கிக்கொள்ளும் வாய்ப்பும் கூடுகிறது. சிக்கினால் காப்புரிமையே செல்லாது. எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்ற இந்தக் கணக்கில்தான் வடிவமைப்புக் காப்புரிமை எழுதுவோரின் உண்மையான வேலை இருக்கிறது. முழுப்பொருளையும் முழுக்கோட்டில் வரைந்து அனுப்பிய ஆவணங்களைப் பார்க்கும்போது, அவசரத்தில் செய்தது என்ற எண்ணமே எனக்கு எழுகிறது.

வேடிக்கைக் கண்ணாடிகளில் எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு, புத்தாண்டு இரவில் அணியப்படும் எண் கண்ணாடி. அந்த ஆண்டைக் குறிக்கும் நான்கு எண்களே பிரேமாக அமைந்திருக்கும். நடுவிலுள்ள இரண்டு எண்களின் துளைகள் வழியாகக் கண்கள் வெளியே பார்க்கும். அமெரிக்காவில் 1990-களின் தொடக்கத்தில் சியாட்டிலைச் சேர்ந்த இரு நண்பர்கள் இதைச் செய்து விற்கத் தொடங்கினார்கள், வடிவமைப்புக் காப்புரிமையும் பெற்றார்கள். இதன் அழகு முழுவதும் ஒரு தற்செயலில் இருக்கிறது. 1990 முதல் 1999 வரை நடுவில் இரண்டு ஒன்பதுகள்; 2000 முதல் 2009 வரை நடுவில் இரண்டு சுழியங்கள். இருபது ஆண்டுகள் நாட்காட்டியே பிரேமை வரைந்து கொடுத்தது என்று சொல்லலாம். ஒன்பதில் துளை மேற்பாதியில் இருப்பதால் எண்ணின் வால் கன்னத்தின்மீது இறங்கும். சுழியத்தில் துளை நடுவில் இருப்பதால் முகத்தில் சமமாக உட்காரும். ஒரே எண்ணம், இரண்டு வேறு தோற்றங்கள்.

வளர்ந்தவர்களின் இரு கண்மணிகளுக்கு இடையிலான தூரம் சராசரியாக 63 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். ஆகவே நடுவிலுள்ள இரண்டு சுழியங்களின் மையங்கள் ஏறக்குறைய அந்தத் தூரத்தில் அமைந்தாக வேண்டும். நான்கு எண்களும் ஒரே அகலத்தில், ஒரே இடைவெளியில் நின்றால் முகப்பின் மொத்த அகலம் 25 சென்டிமீட்டரை எட்டிவிடும். சாதாரணப் பிரேமின் முகப்போ 14 சென்டிமீட்டரைச் சுற்றியே இருக்கும். எனவே தண்டை மாட்டும் கீலை முதல் எண்ணின் ஓரத்திலோ கடைசி எண்ணின் ஓரத்திலோ வைக்க முடியாது. சுழியங்களின் வெளி விளிம்புக்குப் பின்னால் வைத்துவிட்டு, ஓரத்து எண்களை முகத்துக்கு இருபுறமும் சிறகுபோல் நீளவிட வேண்டும், அல்லது அவற்றைக் குறுக்க வேண்டும். 2010 வந்தபோது சுழியங்கள் இரண்டாம் இடத்துக்கும் நான்காம் இடத்துக்கும் பிரிந்தன. அவற்றுக்கு நடுவில் வந்த ஒன்று என்ற எண் மெலிந்ததாக இருந்ததால் அதை மூக்கின்மேல் நிறுத்திச் சமாளிக்க முடிந்தது. ஆனால் இரண்டு என்ற எண் ஒருபக்கம் மட்டும் தனியே துருத்திக்கொண்டு நின்றது. அடுத்த ஆண்டே இரண்டாவது சுழியமும் போயிற்று. எண்ணில் இல்லாத துளையை எண்ணுக்குள் வெட்ட வேண்டிய கட்டாயம் வந்தது.

இந்தக் கண்ணாடிக்கு ஒரே காப்புரிமை போதுமா என்று நினைத்துப் பாருங்கள். 1991 என்ற எண்ணை முழுக்கோட்டில் வரைந்து உரிமை கோரினால், 2003 என்று எழுதிய கண்ணாடி அதே தோற்றம் என்று சொல்வது கடினம். எண்ணத்தைக் கடன் வாங்கியிருக்கிறார்கள், தோற்றத்தைக் கடன் வாங்கவில்லை. நடுவிலுள்ள இரண்டு எண்களையும் அவை இணையும் பாலத்தையும் மட்டும் முழுக்கோட்டில் வைத்து, ஓரத்து எண்களைப் புள்ளிக்கோட்டுக்கு அனுப்பியிருந்தால் பத்து ஆண்டுகளின் கண்ணாடிகள் ஒரே வேலிக்குள் வந்திருக்கும். ஆனால் அப்போது மீந்திருப்பது ஏறக்குறைய இரண்டு முட்டை வடிவ வளையங்கள்தான். அவை சாதாரண மூக்குக்கண்ணாடியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கின்றன என்ற கேள்விக்குக் காப்புரிமை அலுவலகத்தின் பரிசோதகரிடம் பதில் சொல்ல வேண்டியிருக்கும். வேடிக்கைக் கண்ணாடிகள் பெரும்பாலானவற்றில் சிக்கல் இதுதான்: சிரிப்பை வரவழைப்பது எண்ணம், சட்டம் காப்பதோ அந்த எண்ணத்தின் ஒரு குறிப்பிட்ட வரைபடம்.

'வேடிக்கைக் குளிர்கண்ணாடி' என்ற பொருட்பெயரும் வெறும் தலைப்பு அல்ல. 2019-இல் கர்வர் லக்சம்பர்க் நிறுவனத்தின் வழக்கில், 'நாற்காலிக்கான அலங்காரக் கோலம்' என்று உரிமை கோரப்பட்ட ஒரு பின்னல் வடிவத்தைக் கூடையில் பயன்படுத்தியது மீறல் ஆகாது என்று காப்புரிமை வழக்குகளுக்கான கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. 2021-இல் சர்ஜிசில் வழக்கில் அதே நீதிமன்றம் இதை மறுபக்கமிருந்து சொன்னது: உதட்டில் பொருத்தப்படும் மருத்துவப் பொருளுக்கான வடிவமைப்பை, ஓவியர்கள் தேய்த்துப் பூசப் பயன்படுத்தும் காகிதக் குச்சி அதே வடிவில் இருக்கிறது என்று காட்டி நிராகரிக்க முடியாது, ஏனென்றால் பொருள் வேறு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், அன்னாசி வடிவ மேசை விளக்கு நம் கண்ணாடிக் காப்புரிமையை மீறுவதுமில்லை, அதன் புதுமையை நேரடியாகக் கெடுப்பதுமில்லை என்றாகிறது. கேள்வி கேட்டவருக்கு இதில் ஆறுதலும் உண்டு, எச்சரிக்கையும் உண்டு: அவர் செய்யப்போவது கண்ணாடிதான்.

அடுத்து, அசல் தன்மை. இயற்கையில் உள்ள பழத்தை அப்படியே நகலெடுத்து இது என் வடிவமைப்பு என்று சொல்ல முடியுமா? ஏற்கெனவே உள்ள ஒரு பொருளின் அல்லது உயிரின் தோற்றத்தை வெறுமனே போலச்செய்வது அசல் ஆகாது என்பது அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தின் பரிசோதனை வழிகாட்டியில் உள்ள நிலைப்பாடு. ஆகவே அன்னாசியை அன்னாசியாகவே வரைந்தால் கால் வழுக்கும். இலைகளை ஐந்தாகக் குறைத்து விசிறியாக்கியதிலும், உடலின் நடுவைக் குடைந்து லென்ஸுக்கு இடம் விட்டதிலும், இரண்டு பழங்களின் கீழ்ப்பகுதி இணைந்து மூக்குப் பாலமாக மாறியதிலும், ஒவ்வொரு வளைவையும் வடிவமைத்தவர் தேர்ந்தெடுத்திருக்கிறார். அந்தத் தேர்வுகள்தான் அவருடையவை. பழத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறாரோ அவ்வளவுக்கு அவர் நிற்கும் தரை உறுதியாகிறது.

முன்பே இருந்தவற்றின் சுமை கண்ணாடித் துறையில் மிகப் பெரியது. இதய வடிவ லென்ஸ், நட்சத்திர வடிவ லென்ஸ், பூவிதழ் விளிம்பு ஆகியவை எல்லாம் பலமுறை செய்யப்பட்டுவிட்டன. ஓரங்கள் மேல்நோக்கிக் கூர்ந்து நிற்கும் 'பூனைக்கண்' பிரேமை எடுத்துக்கொண்டால், அல்டினா ஷினாசி என்ற அமெரிக்கக் கலைஞர் 1930-களிலேயே விழா முகமூடிகளின் சாயலில் 'ஹார்லெக்வின்' பிரேம்களை உருவாக்கிப் புகழ்பெற்றார். 1939-இல் அதற்காக லார்ட் அண்டு டெய்லர் அங்காடியின் வடிவமைப்பு விருதும் கிடைத்தது. லென்ஸே இல்லாமல் கிடைமட்டப் பட்டைகள் மட்டும் உள்ள 'ஷட்டர்' கண்ணாடி, 2007-ஐ ஒட்டி இசைக் காணொளிகளின் வழியே மீண்டும் பரவியபோது பலர் அதைப் புத்தம் புதியது என்று நினைத்தார்கள். 1980-களிலேயே அது விற்பனையில் இருந்தது. அதற்கும் வெகுகாலம் முன்பே, ஆர்க்டிக் பகுதியின் இன்யூட் மக்கள் எலும்பிலும் தந்தத்திலும் மரத்திலும் குறுகிய பிளவு மட்டும் விட்டுச் செதுக்கிய பனிக்கண்ணாடிகளை அணிந்து, பனியில் பட்டுத் தெறிக்கும் ஒளியிலிருந்து கண்களைக் காத்தார்கள். பழைய பொருள் என்பதற்குக் காலவரம்பு கிடையாது. அருங்காட்சியகப் பேழையில் இருப்பதையும் பரிசோதகர் எடுத்துக்காட்டலாம்.

தனி ஒரு பழைய பொருள் அச்சாக அதேபோல் இல்லாவிட்டாலும், பழையவற்றைச் சேர்த்துப் பார்த்தால் துறை அறிந்த வடிவமைப்பாளருக்கு இயல்பாகத் தோன்றக்கூடியது என்று சொல்லி நிராகரிக்கவும் முடியும். இதற்குப் பல ஆண்டுகளாக ஒரு கடுமையான நிபந்தனை இருந்தது: அடிப்படையில் ஏறக்குறைய அதே தோற்றமுள்ள ஒரு பழைய வடிவமைப்பை முதலில் காட்டியாக வேண்டும். 2024 மே மாதத்தில் எல்.கே.க்யூ - ஜெனரல் மோட்டார்ஸ் வழக்கில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் முழு அமர்வாகக் கூடி, அந்த நிபந்தனை மிகவும் இறுக்கமானது என்று அதைக் கைவிட்டது. ஆகவே 'பழக்கமான சதுரப் பிரேம், அதன்மேல் பழக்கமான ஒட்டு அலங்காரம்' என்ற பாணியில் அமைந்த வேடிக்கைக் கண்ணாடிகளின் காப்புரிமைகள் முன்பைவிட எளிதில் கேள்விக்குள்ளாகும் என்பது என் கணிப்பு.

அலங்காரத்துக்கும் பயன்பாட்டுக்கும் இடையிலுள்ள கோட்டையும் பார்க்க வேண்டும். ஒரு வடிவம் முழுக்க முழுக்கப் பயன்பாட்டின் கட்டாயத்தால் மட்டுமே அப்படி அமைந்திருந்தால் அதற்கு வடிவமைப்புக் காப்புரிமை இல்லை. அதே வேலையை வேறு வடிவங்களாலும் செய்ய முடியும் என்றால் அது அலங்காரத் தேர்வு என்பதற்கு வலுவான சான்று. கண்ணாடியில் கீல், மூக்குத் திண்டு, காதுக்குப் பின்னால் தண்டு வளையும் வளைவு ஆகியவை பெரும்பாலும் உடலமைப்பு கேட்பவை. லென்ஸின் வலிமையும் அப்படித்தான்: அமெரிக்காவில் குளிர்கண்ணாடி மருத்துவக் கருவிகளின் வரிசையில் வருவதால், ஏறக்குறைய 16 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் குண்டு 127 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் லென்ஸ் உடையக் கூடாது என்ற சோதனை அதற்கு உண்டு. கேலிக்காகச் செய்தது என்று சொல்லி இதிலிருந்து விலக்குப் பெற முடியாது.

ஆனால் தொழிற்சாலையின் கட்டாயங்களும் தோற்றத்தில் ஊடுருவியிருக்கும். இதைச் சட்டம் பேசுவோர் அதிகம் கவனிப்பதில்லை. மலிவான பிரேம்கள் உருகிய பிளாஸ்டிக்கை இரண்டு பாதிகளாகத் திறக்கும் உலோக அச்சுக்குள் அழுத்திச் செலுத்திச் செய்யப்படுகின்றன. அச்சு முன்பின்னாகத் திறப்பதால் முகப்பில் புடைத்து நிற்கும் கோலங்களுக்குக் கூடுதல் செலவு இல்லை. பக்கவாட்டில் குடைந்து செல்லும் பள்ளங்களுக்கோ தனி நகரும் பாகம் தேவை, அச்சின் விலை ஏறும். அதனால்தான் வேடிக்கைக் கண்ணாடிகளின் அலங்காரம் பெரும்பாலும் முகப்பில் தட்டையாக விரிகிறது, பக்கத்திலிருந்து பார்த்தால் ஒன்றுமே இல்லை. இதய வடிவத்திலும் இப்படி ஒன்று உண்டு: வழக்கமான பிரேமில் லென்ஸின் ஓரத்தைக் கூராகச் சீவி, பிரேமின் உட்காடியில் அழுத்தி உட்கார வைப்பார்கள், இதயத்தின் மேலே உள்ள உள்நோக்கிய வெட்டில் அந்தச் சீவல் சரியாக அமையாது. எனவே லென்ஸைப் பின்பக்கமாக வைத்து ஒட்டுவதோ சிறு முளைகளில் பொருத்துவதோ எளிது. அப்போது முகப்பில் லென்ஸை மறைக்கும் அகலமான விளிம்பு தேவைப்படுகிறது. அந்தத் தடித்த விளிம்பைப் பார்ப்பவர் அழகுக்காக வைத்தது என்று நினைப்பார். பாதி உண்மைதான். மெல்லிய விளிம்புடன் இதயக் கண்ணாடி செய்ய வேறு வழிகள் இருப்பதால், சட்டத்தின் பார்வையிலும் அது அலங்காரமாகவே எண்ணப்படும்.

இனி மீறல். 1871-இல் கோரம் - ஒயிட் வழக்கில், வெள்ளிக் கரண்டி, முள்கரண்டிகளின் கைப்பிடி அலங்காரம் தொடர்பாக அமெரிக்க உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோல் இன்றும் நிற்கிறது: பொருளை வாங்குபவர் வழக்கமாகச் செலுத்தும் கவனத்துடன் பார்க்கும் சாதாரண மனிதர், ஒன்றை மற்றொன்று என்று எண்ணி வாங்கிவிடும் அளவுக்கு இரண்டும் ஒத்திருக்கின்றனவா? வல்லுநரின் கண் இங்கே அளவுகோல் அல்ல. 2008-இல் எகிப்தியன் காடஸ் - ஸ்விசா வழக்கில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்தச் சாதாரண மனிதர் பழைய வடிவமைப்புகளையும் அறிந்தவராகக் கொள்ளப்பட வேண்டும் என்று தெளிவுபடுத்தியது. வழக்கு நகத்தை மெருகூட்டும் ஒரு சதுரக் குழல் பற்றியது. காப்புரிமை பெற்றதில் மூன்று பக்கங்களில் தேய்ப்புப் பட்டைகள், எதிர்த்தரப்புப் பொருளில் நான்கு பக்கங்களிலும் பட்டைகள். பழையவை நெருக்கமாக நின்றதால் அந்த ஒரு பக்கத்து வேறுபாடே போதுமானதாயிற்று. மீறல் இல்லை என்று முடிந்தது.

நம் கண்ணாடிக்கு இதன் பொருள் நடைமுறையில் பெரியது. இதய வடிவம் போன்ற நெரிசலான இடத்தில், ஒருவர் காப்புரிமை பெற்றிருந்தாலும் அது பழையவற்றிலிருந்து அவரைப் பிரித்துக் காட்டும் சிறு நுணுக்கத்தில் மட்டுமே உயிர்வாழ்கிறது. அதை மாற்றிவிட்டால் மீறல் எழாது. யாரும் முன்பு தொடாத வடிவத்தில் முதலில் வந்தவருக்கோ வேலி தானாகவே அகன்றுவிடும், சிறு மாற்றங்கள் பின்வந்தவரைக் காப்பாற்றாது. இன்னொன்றும் உண்டு. மருத்துவர் எழுதிய பவருக்கான பிரேமைத் தேர்ந்தெடுப்பவர் நிலைக்கண்ணாடி முன் நின்று நெடுநேரம் பார்ப்பார்; விழாவுக்காக ஒரு வேடிக்கைக் கண்ணாடியை எடுப்பவர் கூடையில் கைவிட்டு எடுத்துக்கொண்டு போய்விடுவார். வாங்குபவரின் கவனம் குறைவு என்றால் சிறு வேறுபாடுகள் அவர் கண்ணில் படாது என்ற வாதம் உரிமையாளருக்குச் சாதகமாகவே இருக்கும்.

காப்புரிமைக்குப் பதிலாகப் பதிப்புரிமை உதவாதா என்பதையும் சேர்த்துக் கேட்பவர்கள் உண்டு. 1990-இல் மாஸ்கரேட் நாவல்டி - யுனிக் இண்டஸ்ட்ரீஸ் வழக்கில், பன்றி, யானை, கிளி ஆகியவற்றின் மூக்கு வடிவில் செய்யப்பட்ட வேடிக்கை முகமூடிகள் பதிப்புரிமைக்கு உரியவை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அந்த மூக்குகளுக்கு விலங்கின் தோற்றத்தைக் காட்டுவதைத் தவிர வேறு பயன் இல்லை, எனவே அவை பயன்பாட்டுப் பொருள்களே அல்ல என்பது காரணம். குளிர்கண்ணாடி எவ்வளவு கேலியாக இருந்தாலும் வெயிலை மறைக்கிறது. அது பயன்பாட்டுப் பொருள்தான். அதனால் 2017-இல் ஸ்டார் அத்லெட்டிகா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிய பிரித்தறியும் சோதனையைக் கடக்க வேண்டும்: பிரேமின் மூலையில் அமர்ந்திருக்கும் கிளி உருவத்தைத் தனியே கற்பனை செய்து பார்த்தால் அது ஒரு சிற்பமாக நிற்குமா? நிற்கும் என்றால் கிளிக்குப் பதிப்புரிமை கிடைக்கலாம். லென்ஸின் வெளிக்கோடே அன்னாசியாக இருக்கும் கண்ணாடியில் அப்படிப் பிரித்தெடுக்க என்ன மிஞ்சும் என்பது விவாதத்துக்குரியது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் நிலைமை வேறு. அங்கே பதிவுக்கு முன் புதுமையைச் சோதிப்பதில்லை. பதிவு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்பட்டு 25 ஆண்டுகள் வரை நீளும். பதிவே செய்யாத வடிவமைப்புக்கும் நகலெடுப்பதற்கு எதிராக மூன்று ஆண்டுப் பாதுகாப்பு உண்டு. ஒரு பருவத்தோடு மறைந்துவிடும் வேடிக்கைக் கண்ணாடிக்கு அந்த மூன்று ஆண்டுகளே தாராளம்.

கேள்வி கேட்டவர் இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஆவணத்தின் முதல் பக்கத்தில் இரட்டை நட்சத்திரக் குறியோடு காலம் அச்சிடப்பட்டிருக்கும். 2015 மே 13 அன்றும் அதற்குப் பின்னரும் விண்ணப்பித்தவற்றுக்கு வழங்கிய நாளிலிருந்து 15 ஆண்டுகள். அதற்கு முன் விண்ணப்பித்தவற்றுக்கு 14. இடையில் புதுப்பிப்புக் கட்டணம் எதுவும் இல்லாததால், பணம் கட்டாமல் காலாவதியாகியிருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. அதே பக்கத்தில் பரிசோதகர் ஒப்பிட்டுப் பார்த்த பழைய காப்புரிமைகளின் பட்டியல் இருக்கும்; அவற்றைத் திறந்து, இந்த அன்னாசி எந்த இடத்தில் அவற்றிலிருந்து விலகுகிறது என்று பாருங்கள். பிறகு உங்கள் வரைபடத்தை முழுக்கோட்டுப் பகுதியோடு மட்டும் ஒப்பிடுங்கள். இலைகளின் எண்ணிக்கையை ஐந்திலிருந்து ஆறாக்குவது மாற்றம் ஆகாது. பழத்தைக் கிடைமட்டமாகப் படுக்கவைத்து இலைகளைக் காதுப்பக்கம் நீளவிட்டால் அது வேறு தோற்றம்.

தயங்காமல் ஒப்பிடச் சொல்வதற்குக் காரணம், தண்டனை கடுமையானது என்பதே. அதே 35-ஆம் தலைப்பின் 289-ஆம் பிரிவின்படி, மீறியவர் அந்தப் பொருளில் ஈட்டிய மொத்த லாபத்தையும் உரிமையாளர் கேட்கலாம். அது எவ்வளவு சிறிதானாலும் 250 டாலருக்குக் குறையாது. 2016-இல் சாம்சங் - ஆப்பிள் வழக்கில், லாபத்தைக் கணக்கிட வேண்டிய பொருள் விற்கப்பட்ட முழுப்பொருளாகவும் இருக்கலாம், அதன் ஒரு பாகமாகவும் இருக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் வேடிக்கைக் கண்ணாடியில் முகப்புதான் சரக்கே என்பதால், பாகத்துக்கு மட்டும் கணக்குப் போடுங்கள் என்ற வாதம் இங்கே எளிதில் எடுபடாது. உங்கள் வடிவமைப்பு உண்மையிலேயே வேறு என்று தெரிந்தால் அதற்கு நீங்களே விண்ணப்பிக்கலாம்; பொதுவெளியில் முதன்முதலாக நீங்கள் காட்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் அமெரிக்காவில் விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.